நுவரெலியாவில் 200 பேர் கூட்டம்: டீசலை எண்ணிவிட்டுக் கன்று நடலாம்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு கம்பனி. வருடாந்த டீலர் கூட்டத்தை இந்த முறை நுவரெலியாவில் இரண்டு இரவு தங்கி நடத்தப் போகிறார்கள், 200 பேர். நிகழ்ச்சியைக் 'காபன் நடுநிலை' ஆக்க வேண்டும், அதாவது அதனால் வெளியேறும் காபனை முழுக்க ஈடு செய்துவிட வேண்டும் என்று தலைமையகம் உத்தரவு போட்டிருக்கிறது. மேலிடத்தில் ஒருவர் கணக்கும் போட்டுக் கொடுத்துவிட்டார்: நிகழ்ச்சிக்கு 10 தொன் காபனீரொட்சைட்டு, ஒரு மரம் ஆண்டுக்கு 20 கிலோ உறிஞ்சும், ஆகவே ஒரு தோட்டத்தில் 500 கன்று நட்டால் சரி. இது போதுமா என்று ஏற்பாட்டுப் பொறுப்பில் இருக்கும் சகோதரி கேட்கிறார்.

பெருக்கல் சரி. மற்றதெல்லாம் பிழை.

20 கிலோ என்பது பல வருடம் வளர்ந்து நிமிர்ந்த மரத்துக்குப் பொதுவாகச் சொல்லும் எண். நீங்கள் நடப்போவது முழங்கால் உயரக் கன்று. முதல் சில வருடங்களில் அது உறிஞ்சுவது கிலோக் கணக்கில் சொல்லும் அளவுக்குக்கூட இராது. உங்கள் பஸ் விடும் புகை அன்றைக்கே வானத்தில் ஏறிவிடும், கன்று அதை இறக்க இருபது முப்பது வருடம் எடுக்கும். அதுவும் உயிரோடு இருந்தால்.

அந்த 'இருந்தால்' எனக்குப் பழக்கமான சொல். பத்து வருடத்துக்கு மேலாக இந்த ஊர்ப் பக்கம் கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்து வருகிறேன், கன்று நடும் படலங்கள் பலவற்றில் மண்வெட்டி பிடித்திருக்கிறேன். ஒரு கம்பனிக்காக 300 கன்று நட்டோம். ஒவ்வொன்றிலும் நட்டவர் பெயர் எழுதிய பலகைத் துண்டு, ட்ரோன் வைத்துப் படம், எல்லாம் உண்டு. அடுத்த வருடம் அதே கம்பனி 'நம் மரங்கள் எப்படி?' என்று படம் கேட்டதால் போய்ப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டவில்லை. பெயர்ப் பலகைகள் மட்டும் வரிசையாக நின்றன, சின்ன மயானம் மாதிரி. அந்தப் பக்கம் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா சிரித்தார்: "புல்லு வெட்டுற மெசினு வந்துச்சுங்க ஐயா. எது கன்னு, எது புல்லுன்னு அந்தப் பையனுக்கு என்னா தெரியும்? மிச்சத்த மாடு பாத்துக்கிச்சு." அந்தப் பையன் மேல் தப்பில்லை. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, தண்ணீர் ஊற்ற யாருக்கும் சம்பளமும் பேசவில்லை.

ஆகவே கன்றைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அந்த 10 தொன் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை, பில்லும் பெருக்கலும் போதும். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ, பெற்றோல் என்றால் 2.3 கிலோ. சமையல் காஸ் ஒரு கிலோவுக்கு 3 கிலோ, அதாவது ஹோட்டல்கள் பாவிக்கும் 37.5 கிலோ சிலிண்டர் ஒன்று 112 கிலோவைத் தரும். மின்சாரம்தான் கொஞ்சம் வழுக்கும் கணக்கு, நம் நாட்டு வலையமைப்புக்கு யூனிட்டுக்கு அரைக் கிலோவை ஒட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரக் கணக்கு வழுக்குவதற்கு மழை காரணம். காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை நீர்த்தேக்கங்கள் நிறைந்திருக்கும் மாதத்தில் உங்கள் ஹோட்டல் விளக்கு பெரும்பாலும் தண்ணீரில் எரிகிறது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் அதே விளக்கு நுரைச்சோலை நிலக்கரியிலும் எண்ணெயிலும் எரிகிறது. அதனால் பெப்ரவரி தொடக்கம் ஏப்ரல் வரை கூட்டம் வைக்க வேண்டாம் என்பேன். ஏப்ரல் சீசனில் வேறொரு வில்லங்கமும் உண்டு: றம்பொடையில் இருந்து வாகனங்கள் ஊர்ந்து ஊர்ந்து ஏறும், ஊருக்குள் வந்தால் வாவியைச் சுற்றி நிற்கும். நிற்கிற வாகனமும் எரிபொருள் குடிக்கிறது. பணத்திலும் அந்த மாதம் இரண்டு மடங்கு.

சரி, பயணம். கொழும்பில் இருந்து அவிசாவளை, அட்டன் வழியாக வந்தாலும் கண்டி வழியாக வந்தாலும் போகவர 340 கிலோமீற்றர் என்று வையுங்கள். டீலர்கள் அவரவர் காரில், ஒரு வாகனத்துக்கு மூன்று பேருக்குச் சற்று அதிகமாக வந்தால் 60 வாகனம். மலை ஏறும் வண்டி லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடினால் ஒன்றுக்கு 34 லீற்றர், அதாவது 78 கிலோ. அறுபதுக்கும் சேர்த்து 4.7 தொன். உங்கள் 10 தொன்னில் கிட்டத்தட்டப் பாதி இதுதான். இதே 200 பேரை 5 பஸ்ஸில் ஏற்றுங்கள். பஸ் லீற்றருக்கு 3 கிலோமீற்றர்தான் ஓடும் என்று வைத்தாலும் மொத்தம் 1.5 தொன். ஒரே ஒரு முடிவில் மூன்று தொன்னுக்கு மேல் போய்விட்டது. நடப்போவதாகச் சொன்ன 500 கன்றும் பல வருடம் சேர்ந்து செய்ய முடியாத வேலை இது.

இதில் மனிதர்கள்தான் சிக்கல். டீலர் என்றால் அவர் ஊரில் ஒரு முதலாளி, பஸ்ஸில் வரச் சொன்னால் மரியாதைக் குறைவாக நினைப்பார். நான் கண்ட வழி, பஸ்ஸை நிகழ்ச்சியின் ஒரு பகுதியாக்கிவிடுவது. கித்துல்கலையில் காலைச் சாப்பாடு, வழியில் சென் கிளேயார் நீர்வீழ்ச்சி தெரியும் இடத்தில் ஒரு தேத்தண்ணி நிறுத்தம், பஸ்ஸுக்கு ஒரு கம்பனி இயக்குநர். இயக்குநரோடு ஐந்து மணிநேரம் பக்கத்தில் இருந்து பேசக் கிடைக்கும் என்றால் கார் வைத்திருப்பவரும் காரை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் இருந்து வருகிறவர்களைக் கொழும்புக்கு இழுத்துவிட்டு மேலே ஏற்ற வேண்டாம். வடக்கில் இருந்து வருகிறவர்களுக்குக் கண்டியில் ஒரு பஸ், கிழக்குக்காரர்களுக்குப் பதுளையில் ஒரு வேன்.

ரயில் இன்னும் நல்லது. பதுளைக்குப் போகும் ரயில் நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடத்தான் போகிறது, உங்கள் 200 பேரால் கூடும் டீசல் கொஞ்சம்தான். நானுஓயாவில் இறங்கினால் ஊர் 8 கிலோமீற்றர் போல, மூன்று பஸ் இரண்டு நடை அடித்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்ததில் மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமானது. ரயில் எதுவரை ஓடுகிறது என்று புகையிரத நிலையத்தில் கேட்டுவிட்டு அழைப்பிதழ் அடியுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து ஒரு நாள் தடைப்படுவதும் இங்கே புதிதில்லை, மாற்றுப் பஸ்ஸுக்கு ஒரு போன் நம்பர் கையில் இருக்கட்டும்.

விமானத்தையும் மறக்க வேண்டாம். சென்னையில் இருந்து ஊக்கப் பேச்சாளர் ஒருவரை அழைத்தால் போகவர சுமார் 200 கிலோ, அதைத் தாங்கலாம். லண்டனில் இருந்து என்றால் அந்த ஒருவர் மட்டும் ஒரு தொன்னுக்கு மேல். ஒரு மணிநேரப் பேச்சுக்கு அவர் திரையில் வந்தால் போதாதா என்று கேட்டுப் பாருங்கள். சொல்லப்போனால், அந்த ஒரு மணிநேரத்தில் பாதி மண்டபம் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்தது அறை. இங்கே ஏ.சி. வேண்டாம் என்பது நம் ஊரின் கொடை, அதில் நீங்கள் கொழும்பை விட முன்னால் நிற்கிறீர்கள். ஆனால் அந்த இலாபத்தை ஹீட்டர் தின்றுவிடும். கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரம், கொழும்பில் இருந்து வருகிறவர் முதல் இரவே நடுங்கிப் போய் வரவேற்பறைக்குப் போன் அடிப்பார், பையன் ஒரு ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். 2,000 வாட் ஹீட்டர் எட்டு மணிநேரம் விடாமல் ஓடினால் 16 யூனிட். 100 அறை, இரண்டு இரவு, 3,200 யூனிட். 1.6 தொன். ஐந்து பஸ் கொழும்பில் இருந்து ஏறி இறங்கும் புகையை விட ஒரு பிடி அதிகம். இதற்கு மருந்து மிக எளிது, அழைப்பிதழிலேயே 'ஸ்வெற்றரும் காலுறையும் கொண்டு வாருங்கள்' என்று ஒரு வரி. ஹோட்டலிடம் அறைக்கு இன்னொரு கம்பளியும், படுக்கும் நேரத்துக்கு வெந்நீர்ப் பையும் கேளுங்கள். பழைய துரை பங்களாக்களில் வெந்நீர்ப் பை இன்றும் வழக்கம், விருந்தாளிகளுக்கும் அது பிடிக்கும், படம் எடுத்துப் போடுவார்கள். கைக்குழந்தை, வயதானவர்கள் இருக்கும் அறைக்கு ஹீட்டர் கொடுக்கட்டும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஹோட்டல் மின்மானியை நீங்கள் வரும் அன்று மத்தியானமும் கிளம்பும் அன்று மத்தியானமும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் ஓடினால் எத்தனை லீற்றர் ஊற்றினார்கள் என்ற பில். வெளியில் மேடை போட்டு இசைக் குழு வைத்தால் தனி ஜெனரேட்டர் வரும், அது மணிக்குப் பத்து லீற்றர் குடித்தால் பத்து மணிநேரத்துக்கு 270 கிலோ. மண்டபத்துக்குள் வைத்தால் அந்தச் செலவே இல்லை, மழை வந்து பேனர் பறக்கும் வேடிக்கையும் இல்லை.

இனிச் சமையலறை. ஒரு கூட்டத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பின்பக்கம் போய், நீல பீப்பாயைத் தராசில் தூக்கி வைத்தேன். 180 பேர் சாப்பிட்ட பந்தியில் 38 கிலோ மிச்சம். ஃப்றைட் ரைஸ் மேலே, கீழே கோழி, இடையில் யாரும் தொடாத பாஸ்டா. சமையல்காரர் தோளைக் குலுக்கினார்: "பஃபே என்றால் கடைசி ஆள் வரும்போதும் தட்டு நிறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பனிக்காரர் சத்தம் போடுவார்." அங்கே பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் தினமும் பீப்பாய் எடுக்க வருகிறார், அது பரவாயில்லை. அவர் வராத ஹோட்டலில் அது குப்பை மேட்டுக்குப் போய் அழுகி மெதேனாகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் மெதேன் காபனீரொட்சைட்டைப் போல் ஏறக்குறைய 28 மடங்கு சூடாக்கும் வாயு. அதற்கு முன்னாலேயே அந்த 38 கிலோவை விளைவித்து, ஏற்றி, சமைத்த காஸும் டீசலும் வீணாகிவிட்டன.

சத்தம் போடும் கம்பனிக்காரர் நீங்கள்தான் என்பதால் இதைத் திருத்தவும் உங்களால்தான் முடியும். ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: 200 பேருக்குப் பதிலாக முதல் நாள் காலை எண்ணிய தலைக்குச் சமைப்பது, பத்து ஐட்டத்துக்குப் பதில் ஐந்து, கடைசி அரை மணிநேரம் தட்டு குறைந்தால் யாரும் கேட்க மாட்டோம். மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும்தான் உணவில் மிகக் கனமான காபன் பாரம், கோழி அதில் சிறு பங்கு, பருப்பும் மரக்கறியும் இன்னும் கீழே. 'சைவ விருந்து' என்று அறிவித்தால் முகம் சுளிப்பார்கள், அறிவிக்காமல் நல்ல பலாக்காய்க் கறி, பருப்பு, கட்டைச் சம்பல், ரொட்டி வைத்தால் ஒருவரும் மட்டனைத் தேட மாட்டார்கள்.

மரக்கறியில் ஒரு கூத்து. நுவரெலியாக் கரட்டும் லீக்ஸும் கோவாவும் லொறியேறித் தம்புள்ளைச் சந்தைக்குப் போகின்றன, அங்கிருந்து கொழும்பு. கொழும்புக் கம்பனியோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒரு ஹோட்டலில், அதே கரட் கொழும்புப் பெட்டியில் திரும்பி மலையேறி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் கரட் தோட்டம் தெரிகிறது! 'மரக்கறி இந்த மாவட்டத்தில் இருந்து, பால் அம்பேவளைப் பக்கத்துப் பசும்பால், பால்மா வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்தால் காபனை விட விவசாயிக்குத்தான் அதிக இலாபம், அதுவும் நல்லதுதானே.

பிளாஸ்டிக்கில் நீங்கள் நல்ல பெயர் வாங்க ஒன்றுமில்லை, சட்டம் முந்திவிட்டது. ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் லஞ்ச் சீட்டும் 2017இல் தடையாயின. ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, ஸ்ட்ரோ 2023 ஒக்டோபரில். மிச்சம் இருப்பது தண்ணீர்ப் போத்தலும் ஃபிளெக்ஸ் பேனரும். போத்தலுக்குப் பதில் குடம் வையுங்கள். பேனரில் வருடத்தையும் திகதியையும் போடாமல் அடித்தால் அடுத்த வருடமும் கட்டலாம். கிழிந்த பிறகும் அதற்கு இங்கே வேலை உண்டு: தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் ஒழுகும் தகரக் கூரைகள் பலவற்றின் மேல் பெரிய கம்பனிகளின் சிரித்த முகங்கள் மழை தாங்கிக்கொண்டிருக்கின்றன. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அந்தக் கூரையைத் திருத்துவதுதான் முறை.

இவ்வளவும் செய்தால் உங்கள் 10 தொன் நாலு, நாலரைக்கு வந்துவிடும். ஈடு செய்வதைப் பற்றி இப்போது பேசலாம். குறைக்காமல் ஈடு செய்கிறேன் என்பது, கடையில் கடன் வாங்கிக்கொண்டே கோயில் உண்டியலில் காசு போடுகிற மாதிரி.

காபன் கிரெடிட் ஒன்று என்றால், வேறெங்கோ ஒரு தொன் குறைத்ததற்கான சான்று, அதைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். இலங்கைக்குள்ளேயே வாங்க விரும்பினால் சுற்றாடல் அமைச்சின் கீழுள்ள இலங்கை காலநிலை நிதியம் நடத்தும் காபன் கிரெடிட் திட்டம் இருக்கிறது. வெளியே கோல்ட் ஸ்டான்டர்ட், வெரா இரண்டும் பெரிய பதிவேடுகள். எங்கே வாங்கினாலும் மூன்று கேள்வி. ஒன்று, கிரெடிட்டின் தொடர் இலக்கமும் அது எந்த வருடத்துடையது என்பதும். இரண்டு, உங்கள் பெயரில் பதிவேட்டில் இருந்து நீக்கப்பட்டதற்கான அத்தாட்சி. அது இல்லாவிட்டால் அதே கிரெடிட் இன்னொருவருக்கும் விற்கப்படலாம். மூன்றாவதுதான் கஷ்டமான கேள்வி: உங்கள் காசு வராவிட்டால் அந்த வேலை நடந்திருக்குமா, நடந்திருக்காதா?

இந்த மூன்றாவதில்தான் நம் மலைநாடே நல்ல பாடம். காலநிலை பற்றிய கியோட்டோ உடன்படிக்கைக் காலத்தில் இங்குள்ள சிறு நீர்மின் நிலையங்கள் சிலவும் கிரெடிட்டுக்குப் பதிவாகின. பல வருடமாக ஓடி, மின்சாரம் விற்றே இலாபம் பார்க்கும் ஒரு நிலையத்தின் கிரெடிட்டை நீங்கள் வாங்கினால் புதிதாக ஒரு தொன்கூடக் குறையாது. அது எப்படியும் ஓடத்தான் போகிறது. கீழே ஓடை வறண்டு, துணி துவைக்க இடம் இல்லாமல் போன சனங்களின் கதை சான்றிதழில் இராது.

கன்றுதான் நட வேண்டும் என்று தலைமையகம் ஒற்றைக் காலில் நின்றால், நடுங்கள், ஆனால் அதை ஈடு என்று எழுதாதீர்கள். முதலில் நிலம் யாருடையது என்று கேளுங்கள். தோட்ட நிலம் பெரும்பாலும் அரசுடையது, 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகள் நடத்துகின்றன. அங்கே யூகலிப்டஸ் நட்டால் அது விறகுக்கும் பலகைக்கும் வளர்ப்பது, வெட்டும் வருடமும் அவர்கள் திட்டத்தில் எழுதியிருக்கும். வெட்டி தேயிலைத் தொழிற்சாலை அடுப்பில் வைத்த மரத்தில் உங்கள் காபன் எங்கே இருக்கும்? பத்தனை என்னும் மலைப் புல்வெளியைப் பார்த்து 'வெறும் நிலம்' என்று பைனஸ் நடுகிற தவறையும் செய்ய வேண்டாம், அந்தப் புல்தரை தண்ணீரைப் பிடித்து வைக்கும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஓடைக் கரை, நீரூற்றுத் தலை, சரிவு இவைதான் இடம். கீனா, தம்ப மாதிரி மேல்மலைக்கு உரிய மரங்கள்தான் கன்று. 500 வேண்டாம், 50 போதும். மிச்சக் கன்றுக்கான காசை அந்தத் தோட்டத்து இரண்டு பேருக்கு மூன்று வருடம் பராமரிப்புச் சம்பளமாகக் கொடுங்கள், செத்ததற்கு மாற்றுக் கன்றும் அதில் அடங்கட்டும்.

என்னைக் கேட்டால், கன்றை விட நல்ல வழி ஒன்று சொல்வேன். லயங்களில் இன்றும் பலர் விறகடுப்பில்தான் சமைக்கிறார்கள், புகை முழுக்க அந்த ஒற்றை அறைக்குள். நம் நாட்டிலேயே செய்யும் அனகி மண் அடுப்பு விறகையும் குறைக்கும், புகையையும் குறைக்கும், விலையும் பெரிதில்லை. சில வீட்டுக்கு நீங்களே வாங்கிக் கொடுத்தால் கிரெடிட் சான்றிதழ் அதற்குக் கிடைக்காது. ஆனால் அறிக்கையில் 'நாலரைத் தொன் உமிழ்ந்தோம், அதற்கு மேல் குறைக்க முடியவில்லை, இத்தனை கிரெடிட் வாங்கி நீக்கினோம், அதோடு இத்தனை வீட்டுக்கு அடுப்பு கொடுத்தோம்' என்று எழுதினால் எவராலும் கைநீட்டிக் குறை சொல்ல முடியாது. 'காபன் நடுநிலை' என்ற இரண்டு சொல்லை மேடையில் தொங்கவிட்டால் முதல் கேள்வியிலேயே அவிழ்ந்துவிடும்.

'அப்படியென்றால் மலைக்கே வராமல் கொழும்பில் நடத்தலாமே' என்று கேட்பீர்கள். முக்கால்வாசிப் பேர் கொழும்பும் கம்பஹாவும் என்றால் நேர்மையான பதில், ஆம். என் பிழைப்பு இதில் இருப்பதால் நான் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் வருவதென்று முடிவெடுத்தால் இரண்டு இரவு தங்கி, ஊர்க் கரட்டை வாங்கி, ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்துவிட்டுப் போங்கள். காலையில் வந்து இரவே திரும்பும் கூட்டம்தான் மோசம், டீசல் முழுக்க எரிகிறது, ஊருக்கு ஒரு தேத்தண்ணி காசுதான் மிஞ்சுகிறது.

கடைசியாக எல்லோரும் மறக்கும் ஒன்று, பஸ் டிரைவர்கள். அவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் ஹோட்டலில் படுக்கையும் கம்பளியும் இப்போதே கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பஸ்ஸுக்குள் படுப்பார்கள், குளிர் தாங்காமல் எஞ்சினை ஓடவிடுவார்கள். நின்ற பஸ் மணிக்கு இரண்டு லீற்றர் குடித்தால், ஐந்து பஸ், எட்டு மணிநேரம், இரண்டு இரவு, 160 லீற்றர். நாலரைத் தொன் என்று நீங்கள் எழுதி வைத்த கணக்கில் யாருக்கும் தெரியாமல் இன்னும் 430 கிலோ ஏறியிருக்கும், அவர்களும் காலையில் தூங்காத கண்ணோடு கடியன்லென வளைவுகளில் உங்களை இறக்கிக்கொண்டு போவார்கள்.